ஒரே சுருள் ஃபாயில், இரண்டு தீர்ப்பு

ஒரே கூரை. ஒரே சுருளிலிருந்து வெட்டி, ஒரே ஆள் இரண்டு நாளில் பொருத்திய பபிள் ஃபாயில், அதாவது கூரைச் சூட்டைத் தடுக்கப் போடும், காற்றுக் குமிழிகள் வைத்த அலுமினியத் தாள். அதன் பிறகு மதியத்தில் படுத்துத் தூங்க முடிகிறது என்கிறார் அண்ணன். தன் அறை இம்மியும் மாறவில்லை, நன்றாக ஏமாந்துவிட்டோம் என்கிறார் தம்பி. வீட்டுக்குள் பேச்சு கூரையைவிடச் சூடாகிவிட்ட கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பளபளப்பான அலுமினிய ஃபாயில் வீட்டில் உண்மையாகவே வெப்பத்தைத் தடுக்குமா என்ற கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் தெரிந்தும் விளக்க முடியாமல் திணறியிருக்கிறேன். இந்த வீடு அந்த வேலையை எனக்குச் சுலபமாக்கியது. சோதனைக்கூடத்தில் திட்டமிட்டுக் கட்டியதுபோல, ஒரே பொருளை மூன்று விதமாகப் பொருத்தி வைத்திருந்தார்கள். அது தற்செயலாக நடந்தது என்பது வேறு விஷயம்.

வீடும் புகாரும்

மாடி முழுவதற்கும் சாய்வான இரும்பு ஷீட் கூரை. மேற்குக் கோடியில் அண்ணன் அறை, நடுவில் தம்பி அறை, கிழக்குக் கோடியில் சாமான் போடும் அறை.

அண்ணன் அறையில் ஷீட்டுக்குக் கீழே இரும்புக் குழாய்கள் ஓடுகின்றன. ஷீட்டுக்கும் குழாய்களுக்கும் நடுவில் ஃபாயிலை விரித்து, குழாய்களின் அடியில் ஜிப்சம் போர்டு அடித்திருந்தார்கள். ஃபாயிலுக்கும் போர்டுக்கும் நடுவே ஏறக்குறைய 60 மி.மீ. காற்று இடைவெளி.

தம்பி அறையில் பல வருடங்களுக்கு முன்பே ஷீட்டை ஒட்டி ஒரு பிளைவுட் சீலிங் இருந்தது. அதைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, அதன் அடியிலேயே பசை தடவி ஃபாயிலை ஒட்டினார்கள். பளபளவென்று கண்ணைக் கூசுகிறது என்று தம்பி சொல்ல, அதன்மேல் இன்னொரு போர்டை இறுக்கி அடித்து மூடிவிட்டார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஃபாயில் நசுங்கிக் கிடந்தது.

சாமான் அறையில் ஷீட்டுக்கு அடியில் ஃபாயில் மட்டும். போர்டு கிடையாது. யார் படுக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

துப்பாக்கி சொன்ன பொய், அதிலிருந்த உண்மை

ஃபாயில் பொருத்தியவரும் அன்று வந்திருந்தார். பொறுமையான மனிதர், தம்பியின் கோபத்துக்குப் பதில் பேசாமல் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்தார். துப்பாக்கி மாதிரி பிடித்துச் சுவரைக் குறிவைத்தால் வெப்பநிலை காட்டுமே, அந்த வகை. சாமான் அறைக்குள் கூட்டிப்போய் மேலே ஃபாயிலைக் குறிவைத்தார்.

“பாருங்க சார், மேலே ஷீட் கொதிக்குது. ஃபாயில் வெறும் 36 டிகிரிதான்.”

எண் 36 என்றுதான் இருந்தது. தம்பிக்கே கொஞ்சம் குழப்பம் வந்துவிட்டது. நான் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு கிழித்து ஃபாயிலின் மேல் அழுத்தி ஒட்டினேன். இரண்டு நிமிடம் கழித்து அதே துப்பாக்கியால் டேப்பைக் குறிவைக்கச் சொன்னேன். 57.

டேப்பும் ஃபாயிலும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அப்படியானால் 36 எங்கிருந்து வந்தது? அந்தக் கருவி வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அந்தப் பரப்பு சாதாரணச் சுவர் மாதிரி நன்றாகக் கதிர்வீசும் என்று தானாக வைத்துக்கொண்டு, வெப்பநிலையைக் கணக்குப் போடுகிறது. ஃபாயிலோ கதிர்வீசுவதில் படு கஞ்சன். அதிலிருந்து வந்த கதிரில் பெரும்பகுதி அறையின் சுவரும் தரையும் வீசி, ஃபாயிலில் பட்டுத் திரும்பியது. அதாவது துப்பாக்கி அளந்தது கண்ணாடியில் தெரிந்த அறையின் பிம்பத்தை.

பொருத்தியவர் முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் முழுக்கத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபாயில் குளிர்ச்சியாக இருக்கிறது என்றது தவறு. அது 57 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சூட்டோடும் அது கீழே வெப்பக்கதிரை அனுப்பாமல் இருக்கிறதே, அதுதான் ஃபாயிலின் வேலை. துப்பாக்கியின் பொய் எண்ணுக்குள் இந்த உண்மை ஒளிந்திருந்தது. டேப் ஒட்டிய இடம் அதே சூட்டில் தன் பரப்பளவுக்கு ஏற்றபடி ஏறக்குறைய இருபது மடங்கு கதிரை நம் தலைமேல் வீசிக்கொண்டிருந்தது.

ஆகவே ஃபாயிலை இந்தத் துப்பாக்கியால் அளந்து காட்டும் எந்தச் செய்முறையையும் நம்ப வேண்டாம். விற்பவர் காட்டினாலும் சரி, குறை சொல்பவர் காட்டினாலும் சரி. டேப் ஒட்டி அளக்கலாம், அல்லது அறைக்குள் தெரியும் போர்டின் அடிப்பரப்பை அளக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு அளக்கும் சென்சாரில் 63 டிகிரி. இரண்டு அறைகளிலும் காற்று 34. அண்ணன் அறை போர்டு 38. தம்பி அறை போர்டு 46.

இடைவெளியின் கணக்கு

வெப்பம் மூன்று வழிகளில் நகர்கிறது. தொட்டிருக்கும் பொருள் வழியாகக் கடத்தல், நகரும் காற்றோடு சலனம், எதையும் தொடாமல் கதிர்வீச்சு. ஃபாயிலுக்குத் தெரிந்த வித்தை மூன்றாவதை மறிப்பது மட்டும்தான். கடத்தல் என்று வந்தால் அலுமினியம் படு மோசம்; நல்ல சமையல் பாத்திரம் அதில் செய்வதே வெப்பத்தைச் சட்டென்று கடத்துவதால்தான்.

ஒரு பரப்பு எவ்வளவு தாராளமாகக் கதிர்வீசும் என்பதற்கு உமிழ்திறன் என்று ஓர் அளவு உண்டு. 0 முதல் 1 வரை. செங்கல், பலகை, சிமெண்ட், சாதாரண பெயிண்ட் எல்லாம் 0.85 முதல் 0.95 வரை வரும். சுத்தமான அலுமினிய ஃபாயில் 0.03 முதல் 0.05. வெள்ளை பெயிண்ட் அடித்தாலும் இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் வராது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது வெப்பக்கதிருக்குக் கறுப்பாகவே இருக்கும். வெள்ளைக் கூரை உதவுவது சூரிய ஒளியை வெளியிலேயே திருப்பி அனுப்புவதால். அது வேறு வேலை.

ஒரு பரப்பு 65 டிகிரியிலும் எதிரே இருக்கும் பரப்பு 38 டிகிரியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் சாதாரணப் பலகை மாதிரி என்றால், நடுவே உள்ள இடைவெளியைக் கடந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 170 வாட் கதிராகவே போகும். இரண்டில் ஒன்றை மட்டும் 0.05 உமிழ்திறன் உள்ள ஃபாயிலாக மாற்றினால் அது 10 வாட்டுக்குச் சுருங்கிவிடும். ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதியைப் பள்ளியில் படித்தவர்கள் தாளில் போட்டே சரிபார்க்கலாம். கதிர்வீச்சில் 90 சதவீதத்துக்கு மேல் காலி. விளம்பரங்களில் வரும் ‘97 சதவீத வெப்பத்தைத் தடுக்கும்’ என்ற வாசகத்தின் மூலம் இதுதான். ‘கதிர்வீச்சு’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்து ‘வெப்பம்’ ஆகிவிடுகிறது.

இந்தக் கணக்கில் முக்கியமான சொல் ‘இடைவெளி’. எதிரே இடைவெளி இருந்தால்தான் கதிர்வீச்சு என்ற பேச்சே வரும். தம்பி அறையில் பிளைவுட்டிலிருந்து ஃபாயிலுக்கு, ஃபாயிலிலிருந்து போர்டுக்கு வெப்பம் தொட்டுத் தொட்டே இறங்கியது. மறிக்கக் கதிரே இல்லாத இடத்தில் கதிர் மறிப்பான். அங்கே மிச்சமிருந்த தடுப்பு, பபிள்களில் அடைபட்ட நாலு மி.மீ. காற்றுதான், அதிலும் பாதி நசுங்கிவிட்டது.

அலகோடு சொல்கிறேன். தனியாக எடுத்தால் ஒரு பபிள் ஃபாயில் தாளின் வெப்பத் தடை 0.2 அளவில் இருக்கும், 100 மி.மீ. கண்ணாடிக் கம்பளிக்கு (கண்ணாடி இழைகளை மெத்தைபோல் அடுக்கிய வெப்பத் தடுப்பு) அது 2.5 வாக்கில். இரண்டும் சதுர மீட்டர் கெல்வின் பெர் வாட்டில். ஆனால் அதே தாளுக்குக் கீழே அடைபட்ட இடைவெளி விட்டு, வெப்பம் மேலிருந்து கீழே வரும்போது கணக்கிட்டால், தடை 1-ஐத் தாண்டிவிடும். ஃபாயிலின் பலன் தாளில் இல்லை, அதன் முகம் பார்க்கும் இடைவெளியில் இருக்கிறது. விற்கப்படுவது தாள், நமக்கு வேண்டியது அந்த 25 மி.மீ. அல்லது 50 மி.மீ. சும்மா இடம்.

பளபளப்பான பக்கம் மேலேயா கீழேயா என்று அண்ணன் கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். கூரையிலிருந்து வரும் கதிரைத் திருப்ப அது மேலே பார்க்க வேண்டும் என்று தோன்றும். நன்றாகப் பிரதிபலிக்கும் பரப்பு குறைவாகவே உமிழும் என்பதால் இரண்டு திசையும் இயற்பியலில் ஒன்றுதான். நடைமுறையில் கீழே பார்ப்பதே நல்லது. மேலே பார்த்தால் தூசி படியும். தூசிக்கு உமிழ்திறன் அதிகம். ஃபாயிலின் உமிழ்திறன் 0.05-இலிருந்து 0.5-க்கு ஏறிவிட்டால், மேலே சொன்ன 10 வாட் ஏறக்குறைய 100 வாட் ஆகிவிடும். பரண் தரையில் ஃபாயிலை விரித்துப் போடுவதில் இதுதான் சிக்கல். முதல் வருடம் நன்றாக இருக்கும், அப்புறம் யாரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை.

இரவில் வந்த இன்னொரு புகார்

அண்ணன் அறை பாஸ் என்று எழுதிவிட்டு நான் கிளம்பியிருப்பேன். அவர்கள் அம்மா குறுக்கிட்டார். “பகல்ல சரிதான்ப்பா. ராத்திரி பதினோரு மணிக்கும் அறை புழுங்குது. முன்னெல்லாம் எட்டு மணிக்கே ஆறிடும்.”

சரியான கவனிப்பு. இரும்பு ஷீட் சூரியன் இறங்கியதும் வேகமாக ஆறும். தெளிந்த வானத்தின் கீழ் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். வெறும் ஷீட்டாக இருந்தபோது, பகலில் சூடேறிய சுவர்களின் வெப்பம் அந்தக் குளிர்ந்த கூரை வழியாக வெளியேறியது. இப்போது நடுவில் ஃபாயில் நிற்கிறது. உள்ளே வருவதை மறிக்கும் அதே தாள் வெளியே போவதையும் மறிக்கிறது.

முழுக்க மறிக்கவில்லை என்பதும் உண்மை. வெப்பம் கீழிருந்து மேலே போகும்போது இடைவெளிக்குள் காற்று சுழன்று வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கீழ்நோக்கி இறங்கும்போது சூடான காற்று மேலேயே தங்கி அசையாமல் நிற்கும். அதனால் அதே இடைவெளி, வெயிலுக்குத் தரும் தடையில் சிறு பங்கைத்தான் குளிருக்குத் தரும். குளிர் மிகுந்த இடங்களில் வீட்டைக் கதகதப்பாக வைக்க ஃபாயிலை மட்டும் நம்பியவர்கள் ஏமாறுவது இதனால்தான். அங்கே கம்பளி வகைத் தடுப்பு தடிமனாக வேண்டும். ஃபாயில் அதற்குத் துணையாக வரலாம், அவ்வளவுதான். அமெரிக்க எரிசக்தித் துறை ஃபாயில் பற்றித் தரும் மதிப்பீடும் அடக்கமானது: வெயில் மிகுந்த பகுதிகளில் குளிரூட்டும் செலவில் 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். ஏற்கெனவே நல்ல தடிமனில் கம்பளி போட்ட கூரைக்கு ஃபாயிலால் கிடைக்கும் கூடுதல் பலன் இன்னும் சிறியது. மறிக்க மிச்சம் இருப்பதே கொஞ்சம்தானே.

அம்மாவின் புகாருக்கு மருந்து எளிது. சாயங்காலம் இரண்டு பக்கச் சன்னல்களையும் திறந்து காற்றோட்டம் விடுவது. பகலில் அவற்றை மூடி வைப்பது.

சாமான் அறையில் மின்விசிறி மாட்டி உட்காரலாமா என்ற யோசனையும் இருந்தது. அங்கே 57 டிகிரி ஃபாயிலை ஒட்டி ஒரு சூடான காற்றடுக்கு அமைதியாகத் தேங்கியிருக்கிறது. கூரையோரம் மின்விசிறி சுற்றினால் அந்தக் காற்றை வாரிக் கீழே கொட்டும். அடியில் போர்டு அடிக்காமல் அதைச் செய்ய வேண்டாம் என்றேன்.

விற்கும்போது சொல்பவை

பொருத்தியவரிடம் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே ஒரு வெப்ப விளக்கு. கையை விளக்குக்கு முன்னால் நீட்டச் சொல்வார்; சுடும். நடுவே ஃபாயிலைச் செருகுவார். சூடு சட்டென்று நின்றுவிடும். பார்த்தவர்கள் வாங்காமல் போவதில்லையாம். நானும் கையை நீட்டிப் பார்த்தேன், வித்தை சுத்தமாக வேலை செய்தது. அந்தப் பெட்டியில் விளக்கிலிருந்து கைக்கு வருவது ஏறக்குறைய முழுவதும் கதிர்வீச்சு. நடுவே நல்ல இடைவெளி வேறு. ஃபாயிலுக்கு என்றே செய்த மைதானம். “இப்போ ஃபாயிலை விளக்கோட ஒட்டி, இன்னொரு பக்கம் என் கையோட அழுத்துங்க” என்றேன். சிரித்தார். தம்பியின் அறை அப்படித்தான் இருக்கிறது என்று அப்போது அவருக்கே புரிந்துவிட்டது.

விண்கலத் தொழில்நுட்பம் என்பார்கள். விண்கலங்களில் உலோகம் பூசிய மெல்லிய தாள்களைப் பல அடுக்குகளாகச் சுற்றுவது உண்மை. அங்கே காற்றே இல்லை. கடத்தலும் சலனமும் தாளின் விளிம்போடு முடிந்துவிட, கதிர்வீச்சு மட்டுமே எதிரி. வீட்டிலிருக்கும் ஃபிளாஸ்க்கும் அதே தத்துவம். ஜேம்ஸ் டியூவர் 1892-இல் உருவாக்கிய அந்தக் குடுவையில் வெள்ளிப் பூச்சோடு இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடமும் உண்டு. நம் கூரையிலிருந்து காற்றை யாரும் உறிஞ்சி எடுக்கப்போவதில்லை.

பல அடுக்கு ஃபாயில் என்று இன்னொரு வகை. பிரிட்டனில் 2000-களில், சில செ.மீ. தடிமனுள்ள பல அடுக்குத் தாள் 200 மி.மீ. கனிமக் கம்பளிக்குச் சமம் என்று சொல்லி விற்றார்கள். சூடான அறைக்கும் குளிர்ந்த அறைக்கும் நடுவே பொருளை வைத்து அளக்கும் ஹாட் பாக்ஸ் எனப்படும் முறையான சோதனையில் அந்த வகைத் தாள்கள் அதன் அருகில்கூட வரவில்லை. எப்படி அளப்பது என்ற சண்டை பல வருடம் நடந்து, 2012-இல் ஐரோப்பாவில் இவற்றுக்கென்றே இஎன் 16012 என்ற சோதனைத் தரம் வந்தது. அதனால் ‘இத்தனை மி.மீ. கம்பளிக்குச் சமம்’ என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம்: எந்தச் சோதனையில், எவ்வளவு இடைவெளியோடு, வெப்பம் எந்தத் திசையில் போகும்போது?

பிரித்த நாள்

தம்பி அறைக்குத் தீர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. கீழ்ப் போர்டைக் கழற்று, ஃபாயிலுக்குக் கீழே 50 மி.மீ. ரீப்பர் (மரச் சட்டம்) அடி, அதன் அடியில் அதே போர்டைத் திருப்பி அடி. அறையின் உயரத்தில் இரண்டு அங்குலம் போகும். தம்பி உயரமானவர், அதற்கும் முணுமுணுத்தார். புதிதாக ஒரு முழம் ஃபாயில்கூட வாங்க வேண்டியிருக்கவில்லை.

கழற்றும்போது ஒன்று தெரியவந்தது. பசை பிடிக்காத இடங்களில் ஃபாயிலை ஸ்டேப்லர் பின்னால் அடித்திருந்தார்கள். ஒரு பின், பிளைவுட்டின் மேல் ஓடிய விளக்கு வயரிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இறங்கியிருந்தது. அந்தப் பின் வயருக்குள் போயிருந்தால் கூரையின் ஃபாயில் முழுவதும் மின்சாரம் பாயும் தகடாகியிருக்கும். தொடும் வரை யாருக்கும் தெரியாது. வேலையை நிறுத்தி, மெயினை அணைத்துவிட்டுத்தான் மேலே தொடர்ந்தோம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2009-10-இல் வீடுகளுக்கு வெப்பத் தடுப்பு பொருத்தும் அரசுத் திட்டம் அவசரமாக ஓடியபோது நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மின்சாரம் தாக்கி இறந்தவர்களில் இருவர் ஃபாயில் பொருத்திக்கொண்டிருந்தவர்கள். 2010 பிப்ரவரியில் முதலில் ஃபாயிலும் சில நாளில் திட்டமும் நிறுத்தப்பட்டன. 2014-இல் ஓர் அரச விசாரணை ஆணையம் முழு விவகாரத்தையும் ஆராய்ந்தது. பரணில் ஃபாயில் வேலை என்றால் மெயின் அணைந்திருக்க வேண்டும், உலோகப் பின்னுக்கு அங்கே இடமில்லை.

வேறு சில சில்லறைத் தொல்லைகளும் உண்டு. ஃபாயில் நீராவியை விடாது. அதிகாலையில் ஷீட் குளிரும்போது தவறான பக்கத்தில் ஈரம் கோத்து, பலகை பூஞ்சை பிடிக்கலாம். தேவைப்படும் இடங்களுக்கு ஊசித்துளை போட்ட வகை கிடைக்கிறது. செல்பேசி சிக்னல் மேலிருந்து வரும் வீடாக இருந்தால் அது பலவீனமாகலாம். கான்கிரீட் மாடியில் ஃபாயிலை விரித்து மேலே சிமெண்ட் கலவை போடலாமா என்றும் பேச்சு வந்தது. வேண்டாம். இடைவெளி இல்லாததால் பலன் இல்லை. போதாக்குறைக்கு ஈர சிமெண்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரித்துவிடும்.

ரீப்பர் அடித்து முடித்த நான்காம் நாள், ஏறக்குறைய அதே வெயிலில், அதே நேரத்தில் திரும்பப் போனேன். ஷீட் 63, காற்று 34. தம்பி அறை போர்டு 46-இலிருந்து 38-க்கு இறங்கியிருந்தது. போர்டுக்கும் காற்றுக்கும் இடையே 12 டிகிரியாக இருந்த வித்தியாசம் 4 ஆகிவிட்டது. கூரை வழியாக இறங்கும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததற்கு இது அடையாளம். இதே பலனை 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளியும் தந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட்டேன். பொருத்தியவர் அதைக் குறித்துக்கொண்டார்.

தம்பி இப்போது மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார் என்று கேள்வி. புகார் இடம் மாறிவிட்டது. அண்ணன் அறையின் மேற்குச் சன்னல் வழியாக நாலு மணி வெயில் கட்டில் வரை நீளுகிறது, கூரையில் என்ன செய்தாலும் அது நிற்காது. சன்னலுக்கு வெளியே ஒரு நிழல் தட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன். அவரோ மிச்சமிருக்கும் ஃபாயிலைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.